மூடப்படாத அடைப்புக்குறி

விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு நோய் உண்டு. எங்கேனும் அடைப்புக்குறி திறந்து, மூடப்படாமல் நின்றால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும். இருபதாண்டுக் காலமாக இந்நோயோடு வாழ்ந்துவரும் எனக்கு, 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, கல்லூரித் துறை அறையின் கணினித் திரையில் ஒரு பட்டியல் தோன்றியது. அதன் முதல் வரியில் இரண்டு எண்கள். அவற்றை அடுத்துப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி, அதன் வலப்பக்கம் ஆங்கிலத்து 'பி'. அவ்வளவுதான். குறி மூடப்படவில்லை.

தொலைபேசியின் மறுமுனையில் என் பழைய மாணவி இருந்தார். "முதல் வரியைப் படியுங்கள் ஐயா" என்றார்.

"சதுர அடைப்பு, பி. அச்சுப்பிழை போல இருக்கிறதம்மா. மூடவே இல்லை."

"மூடாது ஐயா. அது அப்படித்தான். அடுத்த வரி?"

இரண்டாம் வரியிலும் அதே சதுர அடைப்பு. அதை ஒட்டி இடைவெளியின்றி 'எல்ஜாவா' என்றொரு சொல், பின் புள்ளி, பின் 'லாங்', பின் புள்ளி, பின் 'ஆப்ஜெக்ட்', இறுதியில் ஓர் அரைப்புள்ளி. எல்ஜாவா என்பது ஜாவாவின் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும்போலும் என்று நினைத்துக்கொண்டு அப்படியே படித்தேன். மாணவி சிரித்தார். வகுப்பில் சந்தி பிரிக்கத் தெரியாமல் மாணவர்கள் படிக்கும்போது நான் சிரித்ததற்கெல்லாம் சேர்த்துச் சிரித்தார் என்றே இப்போதும் எண்ணுகிறேன்.

தமிழ்த்துறையில் இருப்பவனுக்கு நள்ளிரவில் நினைவகப் பட்டியலோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

முதுகலை வகுப்பில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் நாற்பதாண்டுகளாகச் சிற்றிலக்கியங்களுக்குச் சொல்லடைவு தொகுத்துவந்தார். உலா, தூது, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று கைக்குக் கிடைத்த பதிப்புகளையெல்லாம் படித்து, சொல்லுக்கோர் அட்டை எழுதி, ரொட்டித் தகரப்பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் கண் மங்கத் தொடங்கியது. ஒருநாள் என்னை அழைத்துப் பெட்டிகளைக் காட்டி, "இது அச்சாக வேண்டும், நான் தடவிப் பார்க்கவாவது வேண்டும்" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டியது 2012இல். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

நூல்களைத் தட்டச்சிடுவதற்கே ஆண்டுகள் ஓடின. சிலவற்றை நானும் மாணவர்களும் புதிதாக அடித்தோம். சிலவற்றைப் பழைய எழுத்துருக்களில் பிறர் அடித்துவைத்திருந்த கோப்புகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டோம். 2015இல், கணினி அறிவியல் இறுதியாண்டு படித்த மாணவி ஒருவர் ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதித் தந்தார். பகுதி ஒன்று தமிழில் என்னிடம் படித்தவர். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் உறங்காதவர். சொற்களைப் பிரித்து எண்ணி இடம் குறித்துத் தருவதே அந்நிரலின் வேலை. அது நன்றாகவே ஓடியது. அவர் சென்னைக்கு வேலைக்குப் போனபின்னும் விடுமுறைகளில் வந்து அதைச் செப்பம் செய்வார்.

கெடுத்தவன் நான்தான். 'கொல்' என்னும் சொல் வினையடியாகவும் வரும். ஐயப்பொருள் தரும் இடைச்சொல்லாகவும் வரும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் தமிழாசிரியர்கள் நம்மைக் கொல்லாமல் விடமாட்டார்கள், பிரித்துத் தாருங்கள் என்று கேட்டேன். அவரும் பிரித்து எழுதி அனுப்பினார். புதிய நிரலைச் சிறிய நூலில் ஓட்டியபோது நின்றது இல்லை. மொத்தத் தொகுப்பையும், ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் சொற்களையும், அதன்முன் வைத்தபோது முக்கால் மணிநேரம் உழன்றுவிட்டு, குவியலில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு இறந்தது. மூன்று இரவுகள், மூன்று முறை. அந்த வாரத்தில்தான் பேராசிரியரின் துணைவியார் தொலைபேசியில், "தம்பி, ஐயாவுக்கு இடக்கண்ணும் போய்விட்டது, புத்தகம் எப்போது வருமென்று தினமும் கேட்கிறார்" என்றார்.

ஆகவே அந்த இரவு. ஆகவே அந்தப் பட்டியல். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலின் நினைவகத்தில் எவ்வகைப் பொருள்கள் எத்தனை உள்ளன, எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று கணக்கெடுத்துத் தரும் 'ஜேமேப்' என்றொரு கருவி உண்டு. மாணவி எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் தட்டச்சிட்டு அதை ஏவினேன். இடத்தை அதிகம் தின்றவை மேலே, குறைவாகத் தின்றவை கீழே என்று அது வரிசைப்படுத்தும். ஆனால் பெயர்களைத்தான் மனிதர் படிக்கும் வடிவில் தருவதில்லை.

பெயர்களின் இலக்கணத்தை மாணவி அன்று எனக்குப் பாடம் சொன்னார். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டது. அம்மொழியில் எழுதும் நிரல் முதலில் ஒரு கற்பனை எந்திரத்துக்கான இடைவடிவமாக மாறும். அந்த எந்திரத்துக்கு வகைகளை நீட்டி முழக்கிச் சொல்ல நேரமில்லை. ஒவ்வோர் அடிப்படை வகைக்கும் ஓரெழுத்து. பைட் என்றால் பி. எழுத்துருவைக் குறிக்கும் 'கார்' என்றால் சி. குறு முழுஎண்ணுக்கு எஸ், முழுஎண்ணுக்கு ஐ, பின்ன எண்களில் சிறியதற்கு எஃப், பெரியதற்கு டி. இதுவரை எல்லாம் முதலெழுத்து. அதன்பின் இடறுகிறது. உண்மை-பொய் என்னும் இரண்டே மதிப்புகொண்ட 'பூலியன்' வகைக்குப் பி கிடைக்கவில்லை, பைட் முந்திக்கொண்டது. எனவே அகரவரிசையின் கடைக்கோடிக்குப் போய் இசட்டைப் பிடித்துக்கொண்டது. நெடிய முழுஎண்ணாகிய 'லாங்' வகைக்கு எல் வரவேண்டும். எல்லை வேறொருவர் வைத்துக்கொண்டார், எனவே ஜே. இதுவே பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

எல்லை வைத்துக்கொண்ட அந்த வேறொருவர்தான் என் 'எல்ஜாவா'வில் இருந்தவர். அடிப்படை வகை அல்லாத எதுவும் ஒரு வகுப்பின் பெயரால் அழைக்கப்படும். அப்பெயர் தொடங்குகிறது என்பதற்கு எல். முடிந்தது என்பதற்கு அரைப்புள்ளி. நடுவிலிருப்பது முகவரி. ஆக எல் பிரிந்து நிற்கவேண்டும், ஜாவா தனியே நிற்கவேண்டும். முன்னால் நிற்கும் சதுர அடைப்போ அடைப்புக்குறியே அன்று. 'இது வரிசை' என்று அறிவிக்கும் முன்னொட்டு. ஒற்றை அடைப்பு வந்தால் ஒற்றை வரிசை. இரண்டு அடைப்பும் ஐயும் வந்தால், முழுஎண் வரிசைகளை உறுப்பாகக்கொண்ட வரிசை. மூடவேண்டிய தேவையே எழுவதில்லை, ஏனெனில் அடுத்து வருவது ஒரே ஒரு வகைப்பெயர்தான். அது எங்கே முடியும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. இருபதாண்டுச் சிவப்புப் பேனாவை அன்று கீழே வைத்தேன்.

இதைக் கேட்டதும் எனக்கு யாப்பிலக்கணம் நினைவுக்கு வந்தது. தேமா என்கிறோம், அங்கே மாமரம் ஏதும் இல்லை. நேர் நேர் என்ற அசையமைப்பின் பெயர் அது. வெண்பாவின் ஈற்றில் காசு என்கிறோம். அங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை. முதலாண்டு மாணவர் தேமாவைக் கண்டு மரத்தைத் தேடுவார். பழகியவருக்கு மரம் மறைந்து ஓசை மட்டும் கேட்கும். பொறியாளர்களும் அப்படித்தானாம். சதுர அடைப்பையும் பியையும் பார்த்தவுடன் அவர்கள் கண்ணுக்குக் குறிகள் தெரிவதில்லை, பைட்டுகளின் வரிசைதான் தெரிகிறது. வாய்பாடு வடிவத்தைச் சொல்லும்; உள்ளே என்ன பாட்டு இருக்கிறதென்று சொல்லாது. பட்டியலின் பயனும் அதுதான், குறையும் அதுதான்.

ஓரெழுத்தால் பெரும்பொருள் குறிப்பது நமக்குப் புதிதன்று. க ஒன்று, உ இரண்டு, ய பத்து, ள நூறு என்று எழுத்துகளையே எண்களாக வைத்திருந்தவர்கள் நாம். உ ஏன் இரண்டு என்று நான் எந்த மாணவருக்கும் விளக்கியதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஜே ஏன் நெடிய முழுஎண் என்று விளக்கமாவது கிடைக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம். மாணவியிடம் ஒரு பழைய குறிப்பு இருந்தது; கல்லூரிக் காலத்தில் எழுதியது. சொற்களைக் கையாளும் எந்த ஜாவா நிரலிலும் முதலிடத்தில் சதுர அடைப்பும் சியும் வரும், இரண்டாமிடத்தில் 'ஸ்ட்ரிங்' வரும் என்றது அது. என் திரையில் சி இல்லவே இல்லை, முதலிடத்தில் பி. ஒருகணம் அவரும் தடுமாறினார். பிறகு, "நீங்கள் புதுக் கணினி வாங்கினீர்களே ஐயா, அதில் எந்த ஜாவா?" என்று கேட்டார். பதினொன்று. அதுதான் காரணம். 2017இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்புக்கு முன்புவரை, ஒரு சொல்லின் எழுத்துகள் 'கார்' வரிசையில், எழுத்தலகுக்கு இரண்டு பைட் வீதம் வைக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் முதலிய மேலை மொழிகளுக்கு ஒரு பைட்டே போதும். பாதி இடம் வீண். எனவே ஒன்பதாம் பதிப்பில் சரத்தின் உள்ளமைப்பைப் பைட் வரிசையாக மாற்றினார்கள். எல்லா எழுத்தும் இலத்தீன் நெடுங்கணக்கில் அடங்கினால் எழுத்துக்கு ஒரு பைட். ஓரெழுத்து அடங்காவிட்டாலும் அந்தச் சரம் முழுவதற்கும் பழையபடி இரண்டிரண்டு. தமிழ் அடங்காது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சிக்கனம் அவர்களுக்கு, பெயர்மாற்றம் மட்டும் நமக்கு.

ஒரு பதிப்புக்கு எழுதப்பட்ட உரையை வேறொரு பதிப்பின் மூலத்தோடு வைத்துப் படித்தால் வரும் தடுமாற்றம்தான் இது. உரையாசிரியர் பிழை செய்யவில்லை. அவர் கண்ட பாடம் வேறு.

இரண்டாம் வரி, நான் சந்தி பிரிக்கத் தவறிய அந்த வரி, 'ஏதோ பொருள்களின் வரிசை' என்று மட்டும் சொன்னது. மூன்றாவது ஸ்ட்ரிங். நான்காவதில் 'ஜாவா.யூடில்.ஹேஷ்மேப்' என்று வந்து, ஒரு டாலர் குறி, பின் 'நோட்'. இங்கே டாலருக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை (காசு என்னும் வாய்பாட்டை மீண்டும் நினைத்துக்கொள்க). ஒரு வகுப்பின் உள்ளே இன்னொரு வகுப்பு குடியிருந்தால் வெளிப்பெயருக்கும் உட்பெயருக்கும் நடுவே அது நிற்கும். வீட்டுப் பெயரையும் அறை எண்ணையும் பிரிக்கும் கோடு போல. டாலருக்குப் பின் பெயரின்றி வெறும் எண் வந்தால், உள்ளே இருப்பவருக்கு எழுதியவர் பெயரே வைக்கவில்லை என்று பொருளாம். ஹேஷ்மேப் என்பது அகராதி போன்ற ஓர் அமைப்பு. தலைச்சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய பதிவைத் தரும். நோட் என்பது அதிலுள்ள ஒவ்வொரு பதிவையும் தாங்கும் முடிச்சு.

"நோட் எத்தனை ஐயா?"

"பதினொரு இலட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம்."

மறுமுனை அமைதியாயிற்று. ஐந்தாம் வரியைப் பார்த்தேன். அந்நிய முகங்களுக்கு நடுவே ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. ஆங்கில எழுத்துகளில் 'சொல்வகை' என்று எழுதியிருந்தது. அடைப்பு இல்லை, எல் இல்லை, அரைப்புள்ளி இல்லை. மாணவி தாமே உருவாக்கிய வகுப்பு. சொல்லையும் அதன் இலக்கண வகையையும் சேர்த்து வைப்பதற்காக, நான் கேட்டதன்பேரில், அவர் எழுதியது. அதன் எண்ணிக்கையும் பதினொரு இலட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சமே.

அது எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று எனக்கே தெரியும். பேராசிரியரின் தலைச்சொல் அட்டைகள் எண்பதாயிரத்துக்குச் சற்று மேல். அகராதியில் தலைச்சொற்கள் எண்பதாயிரமாக இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு இலட்சத்தை நெருங்குகின்றன என்றால், நூலில் வரும் ஒவ்வொரு சொல்லும், முன்பு வந்ததே ஆயினும், புதிய தலைச்சொல்லாகப் பதிவாகிறது. இவ்வளவையும் நான் தமிழ் வழியாகவே புரிந்துகொண்டேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

காரணத்தை மாணவி மறுநாள் காலையிலேயே கண்டுவிட்டார். நாமாக ஒரு வகுப்பை உருவாக்கும்போது, அதன் இரண்டு உருப்படிகள் எப்போது 'ஒன்றே' என்று கொள்ளப்படவேண்டும் என நாம்தான் சொல்லவேண்டுமாம். சொல்லாவிட்டால், உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும், ஜாவா அவற்றை வேறு வேறாகவே கருதும். அவர் சொல்ல மறந்துவிட்டார். ஆகவே 'கொல், இடைச்சொல்' என்பது நூறு முறை வந்தால் நூறு கொல். இரண்டாம் வரியில் நின்ற பொருள் வரிசைகளின் மர்மமும் அதனால் விளங்கியது. ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் இடங்களைக் குறிக்க ஒரு பட்டியல் வைத்திருந்தார். அப்பட்டியலில் முதல் உருப்படியைச் சேர்த்ததும் பத்து இருக்கைகள் போடப்பட்டுவிடும். ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருக்க ஒன்பது காலி. பன்னிரண்டு இலட்சம் கூடங்கள். அவற்றுள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட காலி இருக்கைகள். கல்லூரிக் கருத்தரங்குகளை நடத்திப் பழகிய எனக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை.

இரண்டு சிறு பகுதிகளை எழுதிச் சேர்த்தார். நிரல் ஓடி முடிந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

2021 வாக்கில், பழைய நிரல் தந்த முதல் அச்சுப்படியைப் பேராசிரியரிடம் கொண்டுபோயிருந்தேன். நான் படிக்க அவர் கேட்பார். 'கொல்' வந்தபோது, முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் என்றேன். "இல்லை" என்றார். "ஐந்நூறுக்குக் குறையாது. எங்கோ விட்டிருக்கிறாய்." அந்த அட்டைகளை எடுத்து எண்ணலாமே என்றால், ககரப் பெட்டிகளுள் இரண்டைக் கறையான் தின்றிருந்தது, கொகரம் அதில் போனவற்றுள் ஒன்று. எந்திரம் எண்ணியது தவறாதையா என்று பணிவோடு சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அம்மையாரிடம் நான், "ஐயாவுக்கு ஞாபகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கண் பார்வை போனவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நிரல் சரியான பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாணவி ஊருக்கு வந்திருந்தார். நிரல் இறக்கும்போது தன் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகக் கொட்டிவிட்டுச் சாகும்படி அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்; ஏறத்தாழ அரை ஜிபி அளவுள்ள அக்கோப்பு என் கணினியில் கிடந்தது. அழிப்பதற்குமுன் எனக்குக் காட்டலாமென்று தம் மடிக்கணினியில் ஒரு பகுப்பாய்வுக் கருவியால் அதைத் திறந்தார். அக்கருவி எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பொருளின் உள்ளும் புகுந்து பார்க்கலாம். பெயர்களையும் 'பைட் வரிசை' என்று மனிதர் மொழியில் தருகிறது. சி பிளஸ் பிளஸ் நிரல்களில் இதைவிடக் கொடுமையான பெயர்கள் வரும் என்றும், அங்கே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் எழுத்தெண்ணிக்கையை எழுதிவைப்பார்கள் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே, "ஐயா, உங்கள் கொல்லைப் பார்ப்போம்" என்று தேடினார். அது நூற்றுக்கணக்கில் வந்தது. மேலேயிருந்த இரண்டைச் சொடுக்கினார்.

இரண்டும் கொல். திரையில் ஒரே வடிவம். ஆனால் முதலாவதின் பைட் வரிசையின் நீளம் எட்டு. இரண்டாவதின் நீளம் பத்து.

அவருக்கு முன் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் நம்பவேண்டும். கொல் என்பதை ஒருங்குறியில் எப்படி எழுதுவோம்? க, ஒகரக்குறி, ல, புள்ளி. நான்கு அலகு, இரண்டிரண்டாக எட்டு பைட். ஆனால் ஒகரக்குறியைக் கண் எப்படிக் காண்கிறது? இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால். பழைய எழுத்துருக்களில் அப்படித்தான், கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடித்தோம். அக்கோப்புகளை மாற்றிய கருவி கொம்பை எகரக்குறியாகவும் காலை ஆகாரக்குறியாகவும் அப்படியே மாற்றிவைத்திருக்கிறது. க, எகரக்குறி, ஆகாரக்குறி, ல, புள்ளி. ஐந்து அலகு, பத்து பைட். கண்ணுக்கு வேறுபாடே இல்லை. இரண்டும் சமமே என்று ஒருங்குறித் தரமே விதித்திருக்கிறது. ஆனால் அந்த விதிப்படி ஒன்றாக்கித் தருமாறு கேட்டால்தான் ஜாவா ஒன்றாக்கும். கேட்காதவரை அவை வேறு சொற்கள்.

ஓலைச்சுவடியில் எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு இராது, புள்ளி இராது, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம், கொல் என்றும் கெரல் என்றும் படிக்க இடமுண்டு, பொருளறிந்தவரே பிரித்தறிவர் என்று ஒவ்வோராண்டும் சுவடியியல் வகுப்பில் சொல்கிறேன். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பட்ட பாட்டையும் உருக்கமாகச் சொல்வதுண்டு. அதே கொம்பும் காலும் என் சொல்லடைவில் எட்டாண்டுகளாகப் பிரிந்து கிடந்ததை நான் காணவில்லை.

பழைய அச்சுப்படியைத் தேடி எடுத்தோம். அகரவரிசை ஒழுங்கில், கொம்பும் காலுமாய்ப் பிரிந்த சொற்கள் கொகரத்தில் இல்லை. ககரத்தோடு எகரம் சேர்ந்த வரிசையின் கடைசியில், கேகாரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒதுங்கியிருந்தன. அங்கே 'கொல்' என்று அழகாக அச்சாகியிருந்தது. பக்கத்தில் இருநூற்று நான்கு. நான் கொகரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருநூற்று நான்கும் ஐந்நூற்றுப் பதினாறு.

கொ மட்டுமன்று. ஒகர ஓகார உயிர்மெய்கள் அனைத்தும், ஔகாரமும்கூட, இப்படி இரண்டாகப் பிளந்து கிடந்தன. பொன், போர், தோழி, மொழி. மாணவி ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரி. அதற்கான வசதி ஜாவாவில் 2006 முதலே இருக்கிறதாம்.

அன்று மாலையே பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சாய்வுநாற்காலியில் இருந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொன்னார். கொல் ஐந்நூற்றுப் பதினாறு ஐயா என்றேன். பைட், கொம்பு, கால் எல்லாவற்றையும் விளக்கினேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. இதை இங்கே எழுதுவதற்கும் அதுவே காரணம். அவர் இடையில் ஒருமுறைதான் பேசினார்: "காலும் கொம்பும் அங்கேயும் தகராறா?" அம்மையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். டம்ளரைக் கையால் துழாவி எடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு,

"போலும் எத்தனை?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். மடிக்கணினியைத் திறந்தேன்.